வெளி ஆப் எதையும் ஏற்ற முடியாதபடி போனையே பூட்டிவிடலாமா?

வளவுக்காரன் (கேள்வி)

போன வைகாசியில் நடந்தது. அந்த மாதம் எங்கள் பக்கம் கல்யாணம் இல்லாத நாளே கிடையாது, அப்பச்சியின் (அப்பாவின்) வாட்ஸ்ஆப்பில் தினமும் நாலைந்து பத்திரிகை வந்து விழும். அதில் ஒன்று பங்காளி வீட்டு அண்ணன் நம்பரிலிருந்தே வந்திருக்கிறது. படமும் இல்லை, பிடிஎஃபும் இல்லை, ஏபிகே என்று முடிகிற, ஆண்ட்ராய்டில் ஆப் ஏற்றுகிற ஒரு ஃபைல். அப்பச்சிக்கு 71 வயது, அவருக்கு அதெல்லாம் என்ன தெரியும், யார் வீட்டுத் திருப்பூட்டு என்று பார்க்கத்தான் தொட்டார். தெரியாத இடத்திலிருந்து ஏற்றலாமா என்று போன் கேட்டது, சரி என்றார். எஸ்எம்எஸ் படிக்கலாமா என்று கேட்டது, அதற்கும் சரி. பத்திரிகை திறக்கவே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் நாலு தவணையாக 86,000 ரூபாய் போய்விட்டது. காலையில் ஆத்தா பால்காரருக்குப் பணம் அனுப்பப் போனபோதுதான் தெரிந்தது. நான் சென்னையிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடித்துப் புகார் கொடுத்தேன், 20,000 மட்டும் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

அப்பச்சி ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பணத்தைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் கேள்வி இதுதான். ஐபோனில் இப்படி ஒரு ஃபைலைத் தொட்டு ஆப் ஏற்றவே முடியாது, நம் நாட்டில் ஆப்பிளின் கடையைத் தவிர வேறு வழி இல்லை. ஆண்ட்ராய்டு போன் செய்கிறவர்களும் அதே மாதிரி மொத்தமாக அடைத்துவிட்டால் என்ன? கூடாது என்று சொல்கிறவர்கள் ஏன் என்று சொல்லுங்கள், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

செக்காலை சர்வீஸ்

தம்பி, நான் காரைக்குடியில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஐந்தாறு பேராவது இதே கதையோடு வருகிறார்கள், கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதச் சலான், விவசாயி பணம், பேங்க் கேஒய்சி என்று பெயர்தான் மாறும். உள்ளே இருப்பது ஒன்றுதான், எஸ்எம்எஸ் அனுமதி. கணக்கு விவரம் ஏற்கெனவே வேறு எங்காவது கசிந்திருக்கும், கடைசியில் வேண்டியது ஓடிபி மட்டும், அதைத் திருட்டு ஆப் படித்து அவனுக்கு அனுப்பிவிடும். பெரும்பாலும் ஐகானையும் மறைத்துக்கொள்ளும், அதனால் இவர்கள் ஒன்றும் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டு இருப்பார்கள். முதலில் நெட்டை அணையுங்கள், அப்புறம் செட்டிங்ஸில் ஆப் பட்டியலைத் திறந்து பெயரே இல்லாமல் வெறுமையாக ஒன்று இருக்கிறதா பாருங்கள்.

வயதானவர்கள் போனில் வெளி ஆப் ஏறவே கூடாது என்பதுதான் என் கட்சி. ஆனால் அதற்குப் பூட்டு ஏற்கெனவே இருக்கிறது. 2024 கடைசியில் கூகுள் இந்தியாவிலும் சோதனையாக ஆரம்பித்தது, வாட்ஸ்ஆப், பிரவுசர் வழியாக வருகிற ஆப் எஸ்எம்எஸ் அனுமதி, அக்சஸிபிலிட்டி (திரையைப் படித்து இயக்குகிற அனுமதி) மாதிரி ஆபத்தானதைக் கேட்டால் ப்ளே ப்ரொடெக்ட் என்கிற கூகுளின் காவல் வசதி ஏற்றவே விடாது. சாம்சங்கில் ஆட்டோ பிளாக்கர் என்று ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 16இல் அட்வான்ஸ்டு ப்ரொடெக்ஷன் என்று ஒரே பொத்தானில் எல்லாம் அடைபடும். உங்கள் அப்பச்சி போனில் ப்ளே ப்ரொடெக்ட் ஆனில் இருந்ததா என்று பார்த்துச் சொல்லுங்கள், எனக்கு அதில் ஒரு சந்தேகம் இருக்கிறது.

தேவகோட்டையான்

அண்ணே, உங்கள் வீட்டில் நடந்ததைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் மொத்தமாக அடைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், காரணம் என் கையில் இருக்கிறது.

எங்கள் கோயில் புள்ளிக் கணக்குக்கு நான் ஒரு சின்ன ஆப் எழுதினேன், கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் கோயிலில் ஒரு புள்ளி. யார் வீட்டுக் கல்யாணத்தில் புதுப் புள்ளி சேர்ந்தது, யார் வரி கட்டினார்கள், முன்னோர் படைப்புக்கு யார் என்ன செலவு ஏற்றார்கள், இவ்வளவுதான். மலேசியா, சிங்கப்பூர், சென்னை என்று சிதறிக் கிடக்கிற 180 குடும்பம் அதை வைத்திருக்கிறார்கள். இதை நான் ப்ளே ஸ்டோரில் போடவில்லை, போடவும் விருப்பமில்லை, எங்கள் வீட்டு விவரத்தை ஊருக்கே திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும். ஃபைலை நேராக அனுப்புகிறேன்.

2025 ஆகஸ்டில் கூகுள் ஒரு அறிவிப்பு விட்டது. இனி ஆப் எழுதுகிற ஒவ்வொருவரும் அடையாளத்தைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் அவர்கள் ஆப் ஏறாது, கடைக்கு வெளியே கொடுத்தாலும் சரி. முதலில் 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, 2027இலிருந்து மற்ற நாடுகள். அப்புறம் எதிர்ப்பு கிளம்பியதும் நவம்பரில் கொஞ்சம் இறங்கிவந்து, விவரம் தெரிந்தவர்கள் ஆபத்தை ஏற்றுக்கொண்டு போட்டுக்கொள்ள ஒரு தனி வழி வைக்கிறோம் என்றார்கள். நான் பதிந்துகொள்ளத் தயார்தான். என் கவலை வேறு. நான் காசு கொடுத்து வாங்கிய போனில் எது ஓடலாம் என்று எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனி சொல்ல ஆரம்பித்தால், நாளைக்கு அவர்களுக்கும் எனக்கும் தகராறு வரும்போது நான் எங்கே போவேன்?

தகராறு வராது என்று சொல்லாதீர்கள். 2024 மார்ச் 1ஆம் தேதி கமிஷன் பிரச்சினையில் பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்திய ஆப்களை கூகுள் கடையிலிருந்து தூக்கிவிட்டது, அமைச்சர் தலையிட்ட பிறகுதான் திரும்ப வைத்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. 2022இல் நம் போட்டி ஆணையம் கூகுளுக்கு ஆண்ட்ராய்டு விஷயத்தில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது, அந்த அக்டோபரிலேயே ப்ளே ஸ்டோர் பில்லிங்குக்காக 936.44 கோடி தனியாக. ஐரோப்பாவில் சட்டம் போட்டதால் 2024 மார்ச்சில் ஆப்பிளே வேறு கடைகளுக்கு வழி விட்டது.

அப்புறம், கடைக்குள் இருப்பதெல்லாம் சுத்தமா? 2022 செப்டம்பரிலிருந்து 2023 ஆகஸ்ட் வரைக்கும் 2,200க்கு மேற்பட்ட மோசடிக் கடன் ஆப்களை ப்ளே ஸ்டோரிலிருந்தே நீக்கியதாக நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். கடன் வாங்கியவர்களின் போட்டோவை வெட்டி ஒட்டி உறவினர்களுக்கு அனுப்பி மிரட்டின ஆப்கள் முன்வாசல் வழியாகவே வந்தன.

ஆத்தங்குடி ஆச்சி

நான் ஆத்தங்குடித் தரைக் கல் (டைல்ஸ்) பட்டறை வைத்திருக்கிறேன். கண்ணாடி மேல் கலர் ஊற்றி வார்த்த கல்லை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவோம், எந்தத் தொட்டியில் எந்தப் பூ, எத்தனை கல், எந்தத் தேதியில் போட்டது என்று குறிக்க அக்கா மகன் ஒரு ஆப் செய்து கொடுத்தான். ஐந்து போனில் இருக்கிறது. எல்லாமே பழைய போன், சிமெண்டுக் கை படுகிற இடத்தில் புதுப் போனா கொடுக்க முடியும்? அதில் இரண்டுக்குக் கம்பெனி அப்டேட்டை நிறுத்தி வருஷக்கணக்காகிறது, அவன்தான் பூட்லோடர் என்கிற உள்பூட்டைத் திறந்து, கம்பெனி போட்ட ஆண்ட்ராய்டுக்குப் பதில் லீனியேஜ் ஓஎஸ் என்று வேறு ஒன்றைப் போட்டு ஓட்டுகிறான். இப்போது சில கம்பெனிகள் அந்தத் திறக்கிற வழியையும் எடுத்துவிட்டதாகச் சொல்கிறான். அப்படி எடுத்துவிட்டால் நல்ல போனையும் குப்பையில்தான் போட வேண்டும்.

பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வளவில், அதாவது கூட்டு வீட்டில், கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் அறை, தலைவாசலை ராத்திரி யார் பூட்டினாலும் அறைச் சாவி அவரவர் கையில்தான் இருந்தது. கொத்தனார் தன் கையில் சாவியை வைத்துக்கொண்டு போன வீடு ஒன்று சொல்லுங்கள்.

வளவுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. செக்காலை அண்ணே, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பார்த்தேன், ப்ளே ப்ரொடெக்ட் அணைந்திருந்தது. பழைய மெசேஜைத் தேடினால், அந்த ஃபைலுக்குக் கீழேயே எங்கே தொட்டு அணைக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்ட படம் இரண்டு வந்திருக்கிறது. அண்ணன் நம்பரிலிருந்து வந்ததால் அப்பச்சி அதன்படியே செய்திருக்கிறார். அந்த அண்ணன் போனும் அதற்கு முந்தின நாள் இதே மாதிரிப் போயிருந்ததாம், வெட்கப்பட்டுக்கொண்டு அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் தப்பியிருப்போம்.

அதனால் ஆச்சி சொல்வதை ஏற்றுக்கொண்டாலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது, சாவி அப்பச்சி கையில்தானே இருந்தது, அவர்தானே திறந்துவிட்டார். இப்படித் திறக்கப் போகிறவரை ஒரு ராத்திரியாவது காத்திருக்க வைத்தால் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள் என்று தோன்றுகிறது. அடைக்கச் சொல்லித்தான் இங்கே வந்தேன், இப்போது தேவகோட்டைத் தம்பியின் புள்ளி ஆப் ஓடாமல் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

செக்காலை சர்வீஸ்

காத்திருக்க வைப்பது நல்ல யோசனை தம்பி. அவன் அவசரப்படுத்தித்தான் பிழைக்கிறான், விடிந்துவிட்டால் யாராவது ஒருவரிடம் கேட்டுவிடுவார்கள். அப்பச்சி போனை வாங்கி நீங்களாகவே எல்லாவற்றையும் பூட்டிவிடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து எதை எதற்கு அடைக்கிறோம் என்று காட்டிவிட்டு அவர் விரலாலேயே அடைக்கச் சொல்லுங்கள்.

வளவுக்காரன்

அப்படியே செய்தேன் அண்ணே. பட்டாலையில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆனது. வாட்ஸ்ஆப், பிரவுசர், ஃபைல் மேனேஜர் மூன்றிலும் வெளி ஆப் அனுமதியை அவரே ஒவ்வொன்றாக அணைத்தார். அப்புறம் அந்த அண்ணன் வீட்டுக்கு அவராகவே போன் போட்டு, "நீயும் ஒரு நாள் வா, காட்டித் தருகிறேன்" என்றார்.