நிஜமா அடிச்சாத்தான் படமா? குறும்படத்துல கன்னத்துல விழுற அறையைப் பத்தி ஒரு சண்டை

மண்டபம் வடகடல்:
கீழக்கரை காக்கா போட்ட பதிவைப் படிச்சதுலேருந்து எரிச்சல் அடங்கல. பார்க்காதவங்களுக்காக அவர் சொன்னதை அப்படியே போடுறேன். மீன்பிடித் தடைக்காலத்துல இங்க எடுக்கப்போற குறும்படத்துக்கு அவர் கொடுத்த யோசனை இது: "குடிகார அப்பா, வீட்டை விட்டு ஓடுற 13 வயசுப் பையன். இந்த மாதிரி பார்க்கிறவனை உலுக்குற படத்துல அடி நிஜமா விழணும். 'கெஸ்' படத்துல பசங்களை நிஜமாவே பிரம்பால அடிச்சாங்க. அதனாலதான் அது இன்னைக்கும் நிக்குது."

இதுக்குக் கீழ வரிசையா "அருமை காக்கா", "செம காக்கா". அந்தப் படத்துல கேமரா எங்க இருந்துச்சுன்னு ஒருத்தர்கூடக் கேட்கல. 1969ல கென் லோச் எடுத்தது, ஒளிப்பதிவு கிறிஸ் மெங்கஸ். இருக்கிற வெளிச்சத்தை வச்சே, கேமராவைத் தள்ளி நிறுத்தி, நீள லென்ஸ்ல பசங்களைப் பார்த்தாரு. பசங்க கேமராவை மறந்தது அதனால. பிரம்படி அதுல ஒரே ஒரு காட்சி. மிச்சமெல்லாம் அப்பா விட்டுட்டுப் போன வீடு, சுரங்கத்துக்குப் போற முரட்டு அண்ணன், பையன் வளர்க்கிற வல்லூறு. அதையெல்லாம் யாரு பிரம்பு வச்சு எடுத்தா?

கீழக்கரை காக்கா:
லென்ஸ் வகுப்பு முடிஞ்சுதா மாப்ள? தலைமையாசிரியர் அறைக்குச் சேதி சொல்ல வந்த குட்டிப் பையன் ஒருத்தன் வர்றான். பெரிய பசங்க அவங்க சிகரெட்டை அவன்கிட்டத் தள்ளிவிட்டதால அவனுக்கும் கையில விழுது. அவன் அழுகை நிஜமா, இல்லையா? ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க.

மண்டபம் வடகடல்:
நிஜம்தான். அதனால என்ன? இங்கிலாந்துல அரசுப் பள்ளிகள்ல பிரம்புக்குத் தடை வந்ததே 1986 சட்டத்தாலதான், நடைமுறைக்கு வந்தது 1987ல. 1969ல அந்தப் பசங்களுக்குப் பிரம்பு அன்றாடம். அன்னைக்கு அங்க நடந்ததை இன்னைக்கு மண்டபத்துல ஒரு பையன் கன்னத்துல செய்யணும்னா அதுக்குப் பேரு சினிமாவா?

இன்னொண்ணு. பிரம்பு கையில விழுந்தா ஒரு டேக்ல முடிச்சுடலாம். நீங்க கேட்கிறது அறை. ஒரு அறைக்குத் தூரத்துல ஒண்ணு, தோளுக்குப் பின்னால ஒண்ணு, முகத்துக்குக் கிட்ட ஒண்ணுன்னு மூணு கோணம் வைப்பீங்க. கோணத்துக்கு நாலு டேக்னு வைங்க, 12 அறை ஆச்சு. ரெண்டாவது டேக்குலயே கன்னம் சிவந்துடும். அதுக்கப்புறம் எடுக்கிற எதுவும் முதல் டேக்கோட ஒட்டாது. நிஜம் வேணும்னு அடிச்சுட்டு, எடிட்டிங்ல உட்கார்ந்து "கன்னம் ஏன் அடி விழுறதுக்கு முன்னாடியே சிவப்பா இருக்கு"ன்னு தலையில கை வைக்க வேண்டியதுதான்.

ஆர்.எஸ். மங்கலம் எக்ஸ்பிரஸ்:
12 அறையா! அப்பா வேசம் போடுறவருக்குக் கை வீங்கிடுமேண்ணே.

தொண்டி வாத்தியார்:
கை வீங்குவது இருக்கட்டும், சட்டம் என்று ஒன்று உண்டு. பையனுக்கு 14 வயது முடியவில்லை என்றால், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமும் 2017 விதிகளும் பொருந்தும். படம் எடுக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது. 5 பிள்ளைகள் வரைக்கும் பொறுப்பாக ஒருவர் இருந்தாக வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு போட வேண்டும். பிள்ளைக்கு விருப்பமில்லாமல் நடிக்க வைக்கக் கூடாது.

கீழக்கரை காக்கா:
அப்ப 15 வயசுப் பையனைப் போடுறோம். முடிஞ்சுது வாத்தியாரே.

தொண்டி வாத்தியார்:
முடியவில்லை. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75. பொறுப்பில் இருப்பவர் பிள்ளையைத் தாக்கினாலோ தாக்க வைத்தாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். அதற்கு வயது வரம்பு 18. "படத்துக்காக அடித்தோம்" என்றால் விலக்கு என்று அதில் ஒரு வரியும் கிடையாது.

கீழக்கரை காக்கா:
எல்லாரும் வக்கீலாகிட்டாக. நான் கேட்டது சினிமா. நியூயார்க் தெருவுல சறுக்குப் பலகையோட சுத்தின பசங்களையே கூட்டிட்டு வந்து 1995ல 'கிட்ஸ்' எடுத்தாரு லாரி கிளார்க். நடிப்பும் இல்ல, வசனமும் இல்ல, பசங்க வாயில வந்ததுதான் படம். வீட்ல கேட்க ஆளில்லாத பிள்ளைக எப்படி இருக்கும்னு அப்படியே இருந்துச்சு. அதான் உலகமே அலறுச்சு.

மண்டபம் வடகடல்:
வசனம் இல்லையாம்! அதுக்குத் திரைக்கதை எழுதினது ஹார்மனி கொரின், அப்போ அவருக்கு 19 வயசு. பசங்க பேசுறது பெரும்பாலும் அவர் எழுதினதுதான். பேசிப் பேசிப் பழகினதால எழுதின மாதிரி தெரியல. நீங்க "நிஜம்"னு நினைக்கிறது பெரும்பாலும் தாள்ல இருந்தது காக்கா. போன திரையிடல்லயும் இதையேதான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னீங்க, அப்பவும் தப்பு.

கீழக்கரை காக்கா:
போன திரையிடல்ல மைக்கை விடாதது யாருன்னு வந்தவங்களுக்குத் தெரியும். அந்தக் குட்டிப் பையன் அழுகை நிஜம். அதுக்குப் பதிலே இல்ல.

தங்கச்சிமடம் ஜெனி:
ரெண்டு பேரும் சவுண்டை மறந்துட்டீங்க. நிஜமாவே அறைஞ்சாலும் ஸ்பாட்ல பதிவாகிற சத்தம் சப்புன்னுதான் இருக்கும், படத்துல உறைக்காது. தனியா எடுக்கணும். ஈரக் கையால தொடையில தட்டினது ஒண்ணு, தடிப் புத்தகத்தை மேசையில அறைஞ்சது ஒண்ணு, ரெண்டையும் கலந்து ரெண்டாவதைக் குறைச்சு வைங்க. கை கன்னத்தைத் தாண்டுற ஃபிரேமிலயோ அதுக்கு அடுத்த ஃபிரேமிலயோ உட்காரணும். மூணு ஃபிரேம் தள்ளிப்போனா டப்பிங் வாசம் அடிக்கும்.

அப்புறம் காத்து. மே கடைசியில கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, பிடிச்சா தென்கடல் பக்கம் காலர் மைக்ல புஸ்ஸுன்னு காத்து மட்டும்தான் கேட்கும். வடகடல் பக்கம் அப்ப அமைதியா இருக்கும், வீட்டுக் காட்சியை அங்க வைங்க. ஒவ்வொரு இடத்துலயும் யாரும் பேசாம ஒரு நிமிசம் அலைச் சத்தத்தைத் தனியா எடுத்து வைங்க. இல்லன்னா ஒவ்வொரு வெட்டுக்கும் அலை துண்டு துண்டா எகிறும்.

மண்டபம் வடகடல்:
அக்கா சொன்னதுதான் சரி. அடியில பாதி காதுலதான் இருக்கு. மீதிப் பாதி கேமராவுல, அதையும் சொல்றேன், யாராச்சும் ஒருத்தராவது குறிச்சு வைங்க.

அப்பா தோளுக்குப் பின்னால கேமரா, பையன் முகம் கேமராவைப் பார்த்து. கை அவன் முகத்துக்கு ஒரு சாண் முன்னால குறுக்கே போகணும். 85 மி.மீ. லென்ஸ்ல அந்த ஒரு சாண் தெரியவே தெரியாது. 24 மி.மீ. அகல லென்ஸ் போட்டா தெரிஞ்சுடும். பக்கவாட்டுல வச்சீங்கன்னா எந்த லென்ஸும் பல்லை இளிக்கும்.

சொதப்புற இடம் மூணு. பையன் கை வர்றதுக்கு முன்னாலயே கண்ணை மூடிடுவான். அப்பாவா நடிக்கிறவர் பயந்து கையைப் பாதியிலயே நிறுத்திடுவார். அது எதிர்த்தோள் வரைக்கும் முழுசாப் போகணும். பையன் தலை லேட்டாத் திரும்பும். மூணுக்கும் ஒரே மருந்து, எண்ணிப் பழகுறது: முதல்ல மெதுவா, அப்புறம் பாதி வேகம், கடைசியிலதான் முழு வேகம். தொடங்குறது யாருன்னா பையன்தான். அவன் கண்ணைப் பார்த்தபிறகுதான் கை எழணும். கன்னச் சிவப்பு மேக்கப், அதுவும் அடுத்த ஷாட்டுக்குத்தான்.

கீழக்கரை காக்கா:
சர்க்கஸ். 1999ல வந்த 'ரோசெட்டா' பாருங்க. குடிகார அம்மா, கேரவன்ல குடித்தனம், வேலைக்கு அலையுற பொண்ணு. கேமரா கையில, பொண்ணு பிடரியை விட்டு நகராது. எண்ணிப் பழகினா அந்த வெறி வருமா?

மண்டபம் வடகடல்:
அதை எடுத்த டார்டென் சகோதரர்கள் வாரக்கணக்குல ஒத்திகை பார்க்கிற ஆளுங்க. நீங்க சொல்ற வெறி அந்த ஒத்திகையில வந்தது. உங்க வாயாலயே எனக்கு வாக்கு கொடுத்துட்டீங்க, நன்றி.

சரி, அடியே தெரியாத படம் சொல்லட்டுமா? 2009ல ஹானெக்கே எடுத்த 'வெள்ளை ரிப்பன்'. பாதிரியார் சொந்தப் பிள்ளைகளைப் பிரம்பால அடிக்கணும். பையனே வெளிய வந்து பிரம்பை எடுத்துட்டு உள்ள போறான், கதவு சாத்துது. கேமரா வெளிய நடையிலயே நிக்குது, அசையல. நமக்குச் சத்தம் மட்டும்தான். யார் கன்னத்துலயும் கை படல காக்கா, ஆனா பார்க்கிறவனுக்குத்தான் அடி. நம்ம படத்துக்கும் அதையே கேட்கிறேன்: ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் கேமரா, அந்தப் பக்கம் சத்தம், நடுவுல காய்ற வலை.

கீழக்கரை காக்கா:
கதவைச் சாத்துறதுக்குப் பேரு உலுக்குறதா? பயந்தவன் சாத்துவான். நம்மூரு 'கூழாங்கல்'லையே எடுத்துக்கங்க. 2021ல ரோட்டர்டாம் திரைப்பட விழாவுல டைகர் விருது. குடிகார அப்பா பையனைப் பள்ளிக்கூடத்துலேருந்து இழுத்துட்டுப் போறாரு. அதுல எந்தக் கதவைச் சாத்தினாக?

மண்டபம் வடகடல்:
அதுல பையன் பஸ் காசைக் கிழிச்சுப் போடுறான். அப்பனும் மகனும் அந்த வெயில்ல நடந்தே ஊர் திரும்பணும். அந்த நடைதான் தண்டனை. அதை இயக்குநர் வினோத்ராஜ் தூரத்தால காட்டினாரு. திரும்பவும் என் கட்சிக்கே ஆள் சேர்த்துட்டீங்க.

ஆர்.எஸ். மங்கலம் எக்ஸ்பிரஸ்:
ஒரு சின்ன சந்தேகம்ணே. கதையில அப்பா நாட்டுப்படகுக்காரர்னு போட்டிருக்கு. தடைக்காலத்துல வேலையில்லாம வீட்ல உட்கார்ந்து குடிக்கிறாருன்னும் போட்டிருக்கு. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை விசைப்படகுக்குத்தானே? நாட்டுப்படகுக்கு இல்லையே. அவரு ஏன் வீட்ல உட்கார்ந்திருக்காரு?

தங்கச்சிமடம் ஜெனி:
😂 கதையோட அடிமடியிலயே கை வச்சுட்டீங்க தம்பி.

மண்டபம் வடகடல்:
அதைக் கதை எழுதினவர்கிட்டக் கேளுங்க. எழுதினவர் யாருன்னு நான் சொல்ல மாட்டேன், "அழுகை நிஜமா"ன்னு காலையிலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கிறவர்தான்.

கீழக்கரை காக்கா:
கரைவலை இழுக்கக் கூலிக்குப் போறவர்னு மாத்திக்கிறேன், ஒரு வரி வேலை. அதுக்கும் அறைக்கும் சம்பந்தம் இல்ல. நிஜமா அடிக்காம எடுத்துக் காட்டுங்க பார்ப்போம், எவன் உலுங்குறான்னு.

தொண்டி வாத்தியார்:
விசைப்படகுக் கூலியாள் என்று வையுங்கள். தடைக்காலமும் பொருந்தும். கரைவலை வேண்டாம்.

கீழக்கரை காக்கா:
வாத்தியார் இப்ப கதையும் எழுதுறாக.

தங்கச்சிமடம் ஜெனி:
படப்பிடிப்பு நடக்குதோ இல்லையோ, மைக்குக்குப் போடுற புசுபுசு உறை யார்கிட்ட இருக்கு? போன தடவை வாங்கிட்டுப் போனவங்க திருப்பித் தரல.

மண்டபம் வடகடல்:
என்கிட்ட இல்லக்கா. மைக்கை விடாதவங்ககிட்டக் கேளுங்க.

கீழக்கரை காக்கா:
அதைத்தான் நானும் சொல்றேன், மண்டபத்துல கேளுங்க.