ரேஸ்ல விழுந்தவரைத் தாண்டிப் போன அனுபவம் யாருக்காவது இருக்கா?

ஒத்தையடி (கோவை)

மே கடைசி வாரம் நடந்ததுங்க. இன்னும் மனசை விட்டுப் போகல, அதான் எழுதறேன்.

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குள்ள கிராஸ் கன்ட்ரி, மண் தடத்துல ஓட்டற மவுண்டன் பைக் ரேஸ். அஞ்சு கிலோமீட்டர் சுத்து, மொத்தம் நாலு. நான் 35 வயசுக்கு மேற்பட்டோர் பிரிவு. ஏப்ரல்ல ஓட்டுன ரேஸ்ல ரெண்டாவது சுத்துலயே, கியர் மாத்தற டீரெய்லரை ஃப்ரேமோட பிடிச்சிருக்கற ஹேங்கர் வளைஞ்சு, டீரெய்லர் ஸ்போக்குக்குள்ள போய் மாட்டி, சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டு நடந்து வந்தேன். என் ஃப்ரேமுக்குப் பொருந்தற ஹேங்கர் வந்து சேரவே மூணு வாரம் ஆச்சு. அதனால இந்த ரேஸை நல்லபடியா முடிச்சே ஆகணும்னு ஒரு வெறி. மார்ச்ல இருந்து ஞாயித்துக்கிழமையானா விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்சு, மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏறிப் பழகுனது எல்லாம் இந்த நாலு சுத்துக்குத்தான்.

மூணாவது சுத்துல நாலாவதா போயிட்டிருக்கேன். முன்னால போறவரோட பச்சை ஜெர்சி தேயிலைக்கு மேல தெரிஞ்சு தெரிஞ்சு மறையுது. முந்தின ராத்திரி கோடை மழை. சில்வர் ஓக் வேரெல்லாம் குறுக்க ஓடுமே, அந்த இறக்கம். வளைவு திரும்புனா, இடது பக்கம் செடியோரமா ஒரு பையன் உக்காந்திருக்கான். ஜூனியர் நம்பர். ஹெல்மெட் கழட்டல. வலது கையை மடியோட அணைச்சுக்கிட்டு இடது கையைத் தூக்கறான். உள்ளங்கை என்னைப் பார்த்து விரிஞ்சிருக்கு.

"ஓகேவா தம்பி"ன்னு கத்துனேன். கத்தி முடிக்கறதுக்குள்ள தாண்டிட்டேன். அவன் ஏதாச்சும் சொன்னானான்னு தெரியாது, என் பின்சக்கரத்து ஃப்ரீஹப் சத்தம்தான் காதுல இருந்துச்சு.

முந்நூறு மீட்டர் கீழ, தடத்தைப் பார்த்துக்கற மார்ஷல் நின்னாரு. அவரையும் தாண்டி, ஏத்தத்துல கியர் மாத்தும்போதுதான் "அவர்கிட்ட சொல்லலையே"ன்னு உறைக்குது. அப்பவும் திரும்பல. நாலாவது சுத்துல அதே இடத்துக்கு வந்தா பையன் இல்ல, சைக்கிள் மட்டும் செடி மேல சாஞ்சு கிடக்குது. நான் மூணாவதா முடிச்சேன். சாயங்காலம் சொன்னாங்க, காரை எலும்பு உடைஞ்சிருச்சுன்னு.

அந்தக் கை "போங்கண்ணா"வா, "நில்லுங்கண்ணா"வா? அன்னிக்கு "போங்க"ன்னு எடுத்துக்கிட்டேன். அப்படி எடுத்துக்கறதுதான் எனக்கு வசதியா இருந்துச்சு.

ஜூன்ல நானும் விழுந்தேன். அது பெரிய கதை இல்ல, வீட்டுப் பக்கத்து மண் ரோட்டுல கையை ஊனி விழுந்தது. எக்ஸ்ரே எடுத்தாங்க, எலும்புல ஒண்ணுமில்ல, சுளுக்குன்னாங்க. பிரேக் பிடிச்சா மட்டும் கட்டைவிரல் பக்கம் இன்னும் வலிக்குது. அதை விடுங்க. இந்த மாதிரி வேற யாராச்சும் தாண்டிப் போயிருக்கீங்களா? அதுக்கப்புறம் என்ன பண்ணுனீங்க?


எழுபது வளைவு (நாமக்கல்)

நின்னிருந்தா மட்டும் என்ன பண்ணிருப்பீங்க? சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, நான் நின்னவன்.

போன வருஷம் ஒரு லோக்கல் ரேஸ். முன்னால போன ஆள் பாறை மேல போய் விழுந்தார். நான் பிரேக் போட்டு, சைக்கிளை அப்படியே தடத்துல விட்டுட்டு அவர்கிட்ட ஓடினேன். வளைவுக்குப் பின்னால இருந்து வந்தவருக்கு நாங்க இருக்கறதே தெரியல. என் சைக்கிள் மேல ஏறி, என் முதுகு மேல விழுந்தார். ஒருத்தர் விழுந்த இடத்துல மூணு பேர் கிடந்தோம். ஹெல்மெட்டும் தரையும் மோதின அந்தச் சத்தம், தேங்காய் உடைச்ச மாதிரி, இன்னும் கேக்குது.

அதனால, கண்ணுக்கு மறைவான வளைவுல நிக்காம போனது தப்பில்ல. மார்ஷல்கிட்ட சொல்லாம போனதுதான் தப்பு. அது ரெண்டு செகண்ட் வேலை. "மேல வளைவுல ஒருத்தர், கை", அவ்வளவுதான். அதைச் செய்யாததுக்கு மழையோ வேரோ காரணம் இல்லையே.


முள்ளுக்காடு (ராமநாதபுரம்)

அண்ணே, உங்களுக்கெல்லாம் மலை இருக்கு, தேயிலை இருக்கு. எங்களுக்குச் சீமைக் கருவேலந்தான்.

சித்திரை வெயில்ல கண்மாய்க் கரையோரம் ஓட்டிப் பழகிக்கிட்டிருந்தேன், ஜூன் ரேஸுக்காக. ட்யூப்லெஸ் போட்டு நாலு மாசம். ஒரே நாள்ல முன்னாடி டயர்ல ஏழு முள்ளு. டயருக்குள்ள பால் மாதிரி ஊத்தி வைக்கிற சீலண்ட் ஓட்டையை அடைச்சுக்கிரும்னு நம்பி ஏழையும் பிடுங்கினேன். ஏழு ஓட்டையிலயும் காத்து மட்டுந்தேன் வருது, ஒரு சொட்டுப் பால் வரல. உள்ளுக்குள்ள காஞ்சு ரப்பர் தோலா ஒட்டிக் கிடந்திருக்கு. பத்து கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே வந்தேன். வழியில ஆடு மேய்ச்ச ஒரு ஆத்தா தூக்குவாளியில இருந்து நீச்சத்தண்ணி ஊத்துனாங்க. ரெண்டு கையையும் ஏந்திக் குடிச்சேன், கை நடுங்குது. அந்தத் தண்ணிதான் எனக்கு இந்தக் கோடை. வேற எதுவும் ஞாபகமில்ல.

எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். நம்ம ஊர் வெயிலுக்கு டப்பால போட்டிருக்கிற கெடுவை நம்பாதீங்க. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வீலைக் கழட்டிக் காதோரம் வச்சு ஆட்டிப் பாருங்க. சளக் சளக்னு கேக்கணும். கேக்கலையா, வால்வுக்குள்ள இருக்கிற கோரைக் கழட்டிப் புதுசா ஊத்துங்க. 29 இன்ச் டயருக்கு நான் 100 மில்லி ஊத்துறேன். முள்ளு ஏறிருச்சுன்னா நடுவழியில பிடுங்காதீங்க, அந்த முள்ளுதான் அப்போதைக்கு அடைப்பு. வீட்டுக்கு வந்து, வீலை ஒரு சுத்துச் சுத்திவிட்டு, ஓட்டை கீழ இருக்கிற மாதிரி வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பிடுங்குங்க. ஓட்டையில சொருகுற டயர் பிளக்கும், டயரைக் கழட்டுற நெம்பியும் இல்லாமக் கிளம்பாதீங்க. ஒரு ட்யூபையும் சீட்டுக்கு அடியில கட்டிக்கங்க. ட்யூப்லெஸ்தானே, ட்யூப் எதுக்குன்னு கேப்பாங்க. பத்து கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தவன் கேக்க மாட்டான்.

ஒத்தையடி அண்ணனுக்கு: அந்தப் பையனைப் போய்ப் பாருங்க.


வலது வளைவு (பெங்களூரு)

எழுபது வளைவு சொன்னதுக்குத்தான் பதில் எழுத வந்தேன். வேறொரு ரேஸ்ல விழுந்து கிடந்தவ நான்.

பெண்கள் பிரிவு, ஆனா கலப்புப் பிரிவுக்கும் அதே தடம்தான். மண்ணு காஞ்சு மேல கோலமாவு மாதிரி தூசி. முன்சக்கரம் நழுவி, தொடை தரையில தேய்ஞ்சுட்டே போய் ஒரு யூகலிப்டஸ்ல முட்டி நின்னேன். மூச்சு வரல. வாயைத் திறக்கறேன், உள்ள ஒண்ணும் போகல. அப்ப எண்ணினேன். ஏன் எண்ணினேன்னு தெரியாது. ஒரு வீல், ரெண்டு வீல். அஞ்சு சைக்கிள் போச்சு. ஆறாவது ஆள் வேகத்தைக் குறைச்சு "ஆர் யூ ஓகே"ன்னார். நான் "ஓகே, ஓகே, கோ"ன்னு சொன்னேன்.

ஓகே இல்லை. விலா எலும்பு ரெண்டு விரிசல். ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். யார் கேட்டாலும் அதுதான் வாயில வரும்போல. அதனால "ஓகேவா"ன்னு கேட்டு, "ஓகே"ன்னு பதில் வாங்கிட்டா கடமை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க.

நிக்கக் கூடாதுங்கறதையும் நான் ஒத்துக்கமாட்டேன். நிக்கத் தெரிஞ்சு நிக்கணும். சைக்கிளைத் தடத்துல போடாம ஓரமா எடுத்துட்டுப் போய், முதல்ல வளைவுக்கு மேல ஏறி நின்னு கையை ஆட்டுங்க. அடுத்து வர்றவர் வேகம் குறைச்சதும் அவரை அங்கயே நிக்க வெச்சுட்டு, நீங்க கீழ வாங்க. மயக்கமா இருந்தாலோ, கழுத்து வலிக்குதுன்னு சொன்னாலோ நகர்த்தவே கூடாது, ஹெல்மெட்டைப் பிடிச்சு இழுக்கவும் கூடாது. இதை ரேஸ் அன்னிக்குக் காலையில ரெண்டு நிமிஷம் சொல்லிக் குடுத்தாப் போதும். நான் போன எந்த ரேஸ்லயும் சொன்னதில்ல.

ஒத்தையடி, அந்த ஆறாவது ஆள் முகம் எனக்கு ஞாபகம் இருக்கு. மத்த அஞ்சு பேர் மேல எனக்குக் கோபம் இல்ல. இருந்திருந்தா சொல்லிருப்பேன்.


கட்டைவிரல் (சென்னை)

நான் எழுத வந்தது ரேஸைப் பற்றி அல்ல. ஒத்தையடி "அதை விடுங்க" என்று ஒரு வரியில் தாண்டிப் போனாரே, அதை விட முடியவில்லை.

எனக்கு 2019-இல் இதே போல. கையை ஊன்றி விழுந்தேன், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, கட்டுத்துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஐந்து மாதம் கழித்து, குக்கரைத் தூக்கும்போது மணிக்கட்டுக்குள் ஏதோ உரசியது. அந்த உரசல் இப்போதும் குளிர்காலத்தில் வரும்.

அது ஸ்கேஃபாய்ட் என்னும் எலும்பு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம், முந்திரிப் பருப்பு அளவில் இருக்கும். அதில் விழும் விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது அரிதே அல்ல. கட்டைவிரலை மேல்நோக்கி நன்றாக விரித்துப் பிடியுங்கள். மணிக்கட்டின் ஓரத்தில் நரம்பு போலப் புடைக்கும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? விழுந்த பிறகு அங்கே வலித்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் எலும்பு உடைந்ததாகவே வைத்துக்கொண்டு அசையாமல் கட்டிவிட்டு, பத்துப் பதினான்கு நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். ஏன் இவ்வளவு கவனம் என்றால், இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமிருந்து நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் உடைந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் குறையும். எலும்பு கூடாமலே நின்றுவிடலாம், அந்தத் துண்டு செத்தும் போகலாம். பிறகு ஸ்க்ரூ, எலும்பு ஒட்டு, அதற்கும் பிறகு தேய்மானம்.

எண்ணெய் தேய்த்து நீவிவிட வேண்டாம். "பிரேக் பிடித்தால் மட்டும்தான் வலிக்கிறது" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நானும் டாக்டரிடம் "குக்கர் தூக்கினால் மட்டும்தான்" என்றேன். நாளைக்கே கை எலும்பு பார்க்கும் ஆர்த்தோ டாக்டரிடம் போங்கள், விழுந்த தேதியைச் சொல்லுங்கள், பழைய எக்ஸ்ரேயைக் கையோடு எடுத்துப் போங்கள். போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள். எழுதாவிட்டால் மறுபடி கேட்பேன்.


எழுபது வளைவு (நாமக்கல்)

வலது வளைவு, நீங்க சொல்ற முறை சரி. மேல ஏறி நின்னு கை ஆட்டணும்னு எனக்கு அன்னிக்குத் தோணல. தோணியிருந்தா என் முதுகு தப்பிச்சிருக்கும். ஆனா துடிப்பு 180-ல இருக்கும்போது, இதெல்லாம் முன்னாடியே பழகியிருந்தாத்தான் வரும். அதனால ஒத்தையடியை மட்டும் குத்தம் சொல்றது நியாயம் இல்லைங்கறேன்.


தெக்கத்தி (நாகர்கோவில்)

யாரு யாரைக் குத்தம் சொன்னா? அவரே கேட்டாரு, நாம சொல்லுதோம்.

2023 அக்டோபர்ல கேரளா பொன்முடியில ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்துச்சுல்லா, நான் பாக்கப் போயிருந்தேன். தடத்துக்குப் பக்கத்துல கயித்தைப் பிடிச்சிட்டு நின்னேன். எனக்கு நேர ஒருத்தர் விழுந்தாரு. எந்திரிச்சு, முன் வீலை ரெண்டு முட்டுக்கும் நடுவுல இடுக்கி, கோணலாப் போன ஹேண்டில்பாரை ஒரே திருப்புல நேராக்கி, ஏறிப் போயிட்டாரு. மூஞ்சில ஒரு மாத்தமும் இல்ல. கன்னத்துல மட்டும் மண்ணு. ஊருக்கு வந்து அதே மாதிரி திருப்பிப் பழகுனேன், இருபது தடவை இருக்கும்.

அந்தப் பையனுக்கு ஒண்ணு சொல்லுங்க. இங்கிலாந்து ரைடர் டாம் பிட்காக் 2021 மே கடைசியில காரை எலும்பு உடைஞ்சு பிளேட் வெச்சவரு. ஜூலை 26-ல டோக்கியோ ஒலிம்பிக் மவுண்டன் பைக்ல தங்கம். அதே ரேஸ்ல நெதர்லாந்து ரைடர் மாத்தியூ வான் டெர் போல் முதல் சுத்துலயே, பலகை இருக்கும்னு நெனைச்சு இறங்குன பாறையில பலகை இல்லாம விழுந்தாரு. பழகும்போது இருந்தது ரேஸ் அன்னிக்கு இல்ல. ராத்திரி மழை பெஞ்ச வேரும் அப்படித்தான், பையன் மேல தப்பில்ல.


கட்டைவிரல் (சென்னை)

பிட்காக்கை உதாரணம் காட்டிப் ஜூனியர் பையனை அவசரப்படுத்தாதீர்கள். அவரைச் சுற்றி ஒரு குழுவே இருந்தது. எலும்பு கூடியதா என்று டாக்டர் சொல்லட்டும், ஒலிம்பிக் சொல்ல வேண்டாம்.

ஒத்தையடி, போனீர்களா?


ஒத்தையடி (கோவை)

போனேங்க. எம்.ஆர்.ஐ.ல விரிசல் தெரிஞ்சுது, ஸ்கேஃபாய்ட் தான். விலகல, அதனால ஆபரேஷன் இல்லாம மாவுக்கட்டு. எட்டு வாரம், அப்புறம் பார்க்கலாம்னாங்க. ஆகஸ்ட் ரேஸுக்குக் கட்டுன பணம் போச்சு. இடது கையால டைப் பண்றேன், அதான் தாமதம். கட்டைவிரல் அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

முள்ளுக்காடு சொன்ன மாதிரி நேத்து பையன் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். பஸ்லதான் போனேன், திருப்பூர் பக்கம். அவங்கம்மா கதவைத் திறந்தாங்க. அவன் கை கழுத்துல மாட்டுன துணித் தொட்டில்ல, எனக்கு மாவுக்கட்டு. அவங்க என்னை ஒரு தடவை, அவனை ஒரு தடவை பார்த்துட்டு உள்ள போய்க் காபி எடுத்துட்டு வந்தாங்க. அவன்கிட்ட மூணாவது சுத்துல நடந்ததைச் சொன்னேன். உங்களைத் தாண்டிப் போனது நான்தான்னேன். மார்ஷல்கிட்ட சொல்லலங்கறதையும் சொன்னேன்.

கை தூக்குனது அவனுக்கு ஞாபகமே இல்ல. நான் கத்துனதும் ஞாபகமில்ல. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அண்ணா, அந்த வேருக்குக் கீழ செங்குத்தா ஒரு டிராப் இருக்குமே, மூணாவது சுத்துலயும் அதை ஓட்டியே இறங்குனீங்களா, இல்ல இறங்கித் தள்ளுனீங்களா"ன்னு கேட்டான்.

ஓட்டித்தான் இறங்குனேன்னேன்.

"வலது பக்கமாவா, இடது பக்கமாவா"ன்னான். அவங்கம்மா வெச்ச காபி ஆறிப்போச்சு. நியூஸ்பேப்பரோட ஓரத்துல, ஒரு கையால அவனும் ஒரு கையால நானும், அந்த இறக்கத்தை வரைஞ்சுட்டு இருந்தோம்.