மறு: தெர்மோகுரோனாலஜிக்குத் தமிழில் என்ன?

அன்பர்களே, வணக்கம்.

தெர்மோகுரோனாலஜி என்பது பாறை எப்போது குளிர்ந்தது என்று கணிக்கும் முறை. அதற்குத் தமிழ்ச் சொல்லாக இழையில் இதுவரை வந்தவை இரண்டு: வெப்பக் காலவியல், மலையெழுச்சிக் காலக்கணிப்பு. முதல் சொல்லைக் கேட்டால் நாகர்கோவிலில் யாருக்கும் மே மாத வெயில்தான் நினைவுக்கு வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை எதிர்க்கிறேன். இந்த முறை மலை எழுந்த காலத்தை அளப்பதே இல்லை.

அப்படைட் என்ற கனிமத்தின் மணிக்குள் இருக்கும் யுரேனியம்-238 அணு தானாகப் பிளந்தால், சிதறும் துண்டுகள் படிகத்தில் சுமார் 16 மைக்ரான் நீளத்துக்குத் தடம் விடும். பாறை ஏறத்தாழ 120 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும்வரை தடங்கள் அழிந்துகொண்டே இருக்கும். 60 பாகைக்குக் கீழே வந்தால் நிலைத்துவிடும். தடங்களை எண்ணி, யுரேனிய அளவோடு ஒப்பிட்டால் பாறை எப்போது குளிர்ந்தது என்பது கிடைக்கும். தரையில் 25 பாகை, ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு இன்னும் 25 பாகை கூடும் என்று கொண்டால், தடங்கள் நிலைக்கத் தொடங்கும் 110 பாகை இருப்பது மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில். அங்கிருந்து பாறை மேற்பரப்பை நெருங்கியது தெரியும். மேற்பரப்பு உயர்ந்ததா, தாழ்ந்ததா, அப்படியே கிடந்ததா என்பது மணிக்குத் தெரியாது.

இந்தக் குழப்பத்தைத்தான் 1990இல் புவியியலாளர்கள் ஃபிலிப் இங்லண்டும் பீட்டர் மோல்னாரும் பிரித்துக் காட்டினார்கள். மேற்பரப்பு உயர்வது, பாறை உயர்வது, மேலே உள்ளது போய்ப் பாறை மேற்பரப்பை நெருங்குவது (எக்ஸ்யூமேஷன்) என்று அவர்கள் சொன்ன மூன்றுக்கும் மூன்று சொல் வேண்டும். என் பரிந்துரை:

தரையுயர்வு = பாறையுயர்வு − மேலுரிவு

எக்ஸ்யூமேஷனுக்கு 'அகழ்வு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கீழடிக்காரர்களுடையது, விட்டுவிடுவோம். நம் மாவட்டத்தில் ஜல்லிக்காக உடைத்துத் தீர்க்கிறோமே அந்தக் கருங்கல், சார்னோகைட், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பல கிலோமீட்டர் ஆழத்தில் கடுஞ்சூட்டில் இன்றைய உருவம் பெற்றது. அது இன்று வெயிலில் கிடப்பதால் இங்கே அத்தனை கிலோமீட்டர் உயர மலை இருந்தது என்று பொருளில்லை. மேலே இருந்தது சிறுகச் சிறுக உரிந்து போயிற்று. உரிந்ததில் கொஞ்சம் மணவாளக்குறிச்சிக் கரையில் சிர்க்கான், மோனசைட் என்ற கனிம மணலாகக் கிடக்கிறது.

ஆகவே தெர்மோகுரோனாலஜிக்கு: குளிர்வுக் காலக்கணிப்பு.

— நாகர்கோவிலிலிருந்து

* * *

ஐயா, மேலுரிவு பிடித்திருக்கிறது. உரித்தல் என்றால் உரிக்க ஆள் வேண்டும், உரிதலுக்கு வேண்டாம். ஆனால் இரண்டு சந்தேகம்.

ஒன்று, அரிப்பே இல்லாமலும் பாறை குளிருமே? பக்கத்தில் பாறைக்குழம்பு ஊடுருவிச் சூடாக்கிவிட்டுப் பின் ஆறினால்?

இன்னொன்று, கோதையாற்று மணலில் குவார்ட்ஸ் பொறுக்கி அதிலுள்ள பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணுவை அளந்தால் அதுவும் அரிப்பு வேகம் சொல்லும். அதையும் இதே தலைப்பில் சேர்ப்பீர்களா?

— மார்த்தாண்டம்

* * *

முதல் கேள்வி எனக்குச் சாதகம்தான், தம்பி. குழம்பு சூடாக்கி ஆறினாலும் மணி காட்டுவது குளிர்ந்த காலத்தையே. அதற்குக் காரணம் அரிப்பா வேறா என்பதை ஆய்வாளர் தனியாக நிறுவ வேண்டும். சொல் அந்த முடிவை முன்கூட்டியே எடுத்துவிடக் கூடாது.

பெரிலியத்தைச் சேர்க்க மாட்டேன். அது காஸ்மிக் கதிர் பட்டு, தரையின் மேல் ஓரிரு மீட்டரில் பெரும்பாலும் உண்டாவது. அரைவாழ்வு சுமார் 14 லட்சம் ஆண்டு. வெப்பத்துக்கு அங்கே வேலையில்லை. 'கதிர்படு காலக்கணிப்பு' என்று தனியாக வைப்போம்.

பாறையுயர்வையும் தரையுயர்வையும் ஏன் இத்தனை பிடிவாதமாகப் பிரிக்கிறேன் என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். ஒரு கணக்கு. புவி மேலோட்டின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.7 கிராம், அடியில் உள்ள மூடகம் 3.3. பரந்த நிலத்தில் 1000 மீட்டர் பாறை அரிந்து போனால், எடை குறைந்த மேலோடு சுமார் 820 மீட்டர் மிதந்து எழும். பாறையுயர்வு 820, மேலுரிவு 1000. தரை உயரவே இல்லை, 180 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. இதையெல்லாம் 'எழுச்சி' என்ற ஒரே சொல்லில் போட்டால் பள்ளிப் பாடநூலில் மலை வளர்ந்ததாகத்தான் அச்சாகும்.

குளோஷர் டெம்பரேச்சர், அதாவது குளிரும் மணியில் தடங்கள் நிலைக்கத் தொடங்கும் வெப்பநிலை, பாக்கி இருக்கிறது. 'மூடு வெப்பநிலை' என்றால் மேகமூட்டம் போல இருக்கிறது. 'பூட்டு வெப்பநிலை' என்பது என் தெரிவு. மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வரவும்.

— நாகர்கோவிலிலிருந்து