பின்சாலைகளில் பைக்கில் ஜியோகேச்சிங்: வழி அமைப்பதில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஜியோகேச்சிங் (பிறர் ஒளித்துவைத்த பெட்டிகளை ஜிபிஎஸ் துணையுடன் கண்டுபிடிக்கும் விளையாட்டு) பெட்டிகளைத் தேடி, பிரதான சாலைகளைத் தவிர்த்து, கிராமப்புற மண்பாதைகளில் மோட்டார் சைக்கிளில் செல்வது என் வழக்கம்; பெட்டியைவிட அதற்கு இட்டுச்செல்லும் பாதையே எனக்குப் பெரிது என்றாலும் தவறில்லை.

பெட்டியின் ஆயத்தொலைவைக் கொடுத்தால், வழிகாட்டும் செயலி அதற்கு மிக அருகிலுள்ள சாலையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. இடையே ஓடை குறுக்கிட்டாலும், வேலியிட்ட தனியார் நிலம் இருந்தாலும் அது பொருட்படுத்துவதில்லை. ஆயத்தொலைவில் ஒரு நிமிடத்தின் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்கு, வடக்கு தெற்காக ஏறத்தாழ 1.8 மீட்டர்தான் என்பதால், இலக்கு துல்லியமாகவே தெரிகிறது. அதை அடையும் வழிதான் தெரிவதில்லை.

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தில் மண்தடங்களின் உறுதியை 1 முதல் 5 வரை தரம் பிரித்துக் குறிக்கும் முறை உண்டு. அந்தத் தரத்தைக் கணக்கில்கொண்டு, பல பெட்டிகளை ஒரே சுற்றில் இணைத்து, இணைய இணைப்பின்றி வழி சொல்லும் செயலியைப் பயன்படுத்துவோர், அதை எவ்வாறு அமைத்துக்கொண்டீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

இன்ஜின் அதிர்வு கைபேசிக் கேமராவின் பட நிலைப்படுத்தியைக் கெடுக்கக்கூடும் என்பதால், கைப்பிடியில் பொருத்தத் தனி ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன். ஈரமண்ணில் சைடு ஸ்டாண்டு புதையாமலிருக்க அடியில் வைக்கும் தகரத் தட்டைத் தவிர, வேறு எதைக் கையோடு எடுத்துச்செல்கிறீர்கள் என்பதையும் எழுதினால் நன்றியுடையவனாவேன்.