பொருள்: கலைச்சொல் தேவை – ‘பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர்’ (நாளை அச்சு)

(சிங்கப்பூர்த் தமிழ் மடற்குழு. எழுதுபவர் பெயருக்குப் பதில் அவரவர் பேட்டைப் பெயர். – மட்டுறுத்துநர்)

ஈசூன், செவ்வாய் இரவு

வணக்கம். சமூக மன்றத்தில் தமிழில் டேட்டாபேஸ் வகுப்பு எடுக்கிறேன். இந்த வாரப் பாடம் இது: எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் விண்டோஸின் கண்காணிப்புக் கருவியான பெர்ஃப்மானைத் திறந்தால், அதன் செயல்திறனைக் காட்டும் அளவுகள், அதாவது கவுண்டர்கள், ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. கைப்பிரதியை ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தேன். ‘செயல்திறன் முகப்புகளைக் காணவில்லை’ என்று வந்தது! நம் ஊரில் முகப்பு என்றால் பலதுறை மருந்தகத்தில் வரிசை எண்ணோடு காத்திருந்து போகும் இடம். நாளை மாலை அச்சுக்குப் போகவேண்டும். யாராவது ஒரு சொல் கொடுங்கள்.

செங்காங்

செயல்திறன் எண்ணி. உலாவி, செயலி வரிசையில் இதுவும் ஒன்று. இதற்கெல்லாம் ஒரு விவாத இழை தேவையா அக்கா?

தோ பாயோ

தேவைதான் தம்பி. ‘எண்ணி’ என்றதும் என் காதில் விழுவது வினையெச்சம். ‘எண்ணித் துணிக கருமம்’ (குறள் 467) படித்த பிள்ளை ‘எண்ணி காணவில்லை’ என்பதை என்னவென்று வாசிக்கும்? எழுவாயாக நின்றால் வலி மிகாது, வினையெச்சமானால் மிகும். ஆக உங்கள் கலைச்சொல் ஒரே ஒரு ககர ஒற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது கைபேசியில் தட்டச்சு செய்பவர்கள் ஒற்றைப் படுத்தும் பாடு நமக்குத் தெரியும். வெப்பமானி, அழுத்தமானி இருக்கின்றன. ‘செயல்திறன்மானி’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செங்காங்

ஐயா, மானி வடமொழி. தெரிந்தே உள்ளே விடவேண்டுமா?

தோ பாயோ

யார் சொன்னது? நம் பின்ன வாய்பாட்டில் ‘மா’ என்பது 1/20. காணி 1/80, முந்திரி 1/320. மா நில அளவாகவும் இருந்தது. அளவைக் குறிக்கும் மா நம்மிடம் இருக்கும்போது, பெறுமானத்திலும் வருமானத்திலும் வரும் மானத்தை ஏன் வெளியே தேடவேண்டும்? மாத்தல் என்றால் அளத்தல் என்பது என் துணிபு. இதைப் பற்றித் தனியாக ஒரு நீண்ட மடல் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுவோருக்கு அனுப்புகிறேன்.

(வேண்டாம் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. – மட்டுறுத்துநர்)

ஜூரோங்

நான் டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகி, வேலை பார்ப்பவன். வேர் எதுவாகவும் இருக்கட்டும், இந்தச் சாமான் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பெயர்தான் கவுண்டர், எல்லாமே எண்ணுவதில்லை.

சர்வருக்குள்ளேயே கவுண்டர்களைக் காட்டும் ஒரு டிஎம்வி (சர்வரின் நிலையைக் காட்டும் உள் அட்டவணை) உண்டு. அதில் ‘பேட்ச் ரிக்வெஸ்ட்ஸ் பர் செக்கண்ட்’ (நொடிக்கு வரும் கட்டளைத் தொகுதிகள்) வரியைப் பாருங்கள். பெயரில் நொடிக்கு என்று இருந்தாலும் அங்கே கிடைப்பது சர்வர் எழுந்ததிலிருந்து சேர்ந்த மொத்தம். சற்று இடைவெளி விட்டு இரண்டு முறை எடுத்து, கழித்து, இடைப்பட்ட நொடிகளால் வகுத்தால்தான் வேகம் தெரியும். அது எந்த வகைக் கவுண்டர் என்று அட்டவணையே ஓர் எண்ணால் சொல்லும்: 272696576. இது உண்மையிலேயே எண்ணிதான். ‘பேஜ் லைஃப் எக்ஸ்பெக்டன்சி’ (ஒரு தரவுப் பக்கம் நினைவகத்தில் எத்தனை நொடி தங்கும் என்பது) வேறு மாதிரி. வகை 65792, அந்த நேரத்து அளவு அப்படியே நிற்கும், ஏறும், இறங்கும். அது ஐயா சொல்லும் மானி. ‘பஃபர் கேஷ் ஹிட் ரேஷியோ’ (வட்டுக்குப் போகாமல் நினைவகத்திலேயே கிடைத்த பக்கங்களின் விகிதம்) இரண்டிலும் சேராது. 537003264 வகை வரியை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பக்கத்தில் இருக்கும் 1073939712 வகை ‘பேஸ்’ வரியால் வகுக்கவேண்டும். ஒரே அட்டவணையில் மூன்று சாதி. இதில் எதைப் பார்த்துப் பெயர் வைப்பது?

அப்புறம், பாடத்தில் இந்த வரிசை இருக்கிறதா அக்கா? முதலில் அந்த டிஎம்வியில் எத்தனை வரி என்று எண்ணச் சொல்லுங்கள். பூஜ்யம் வந்தால் நிறுவும்போதே கவுண்டர்கள் அமையவில்லை, நிறுவல் பதிவுக் கோப்பில் 3409 பிழையைத் தேடவேண்டும். வரிகள் வந்தும் பெர்ஃப்மானில் மட்டும் இல்லையென்றால் கோளாறு விண்டோஸ் பக்கம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த சர்வீஸின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ சாவிக்குள் ‘டிசேபிள் பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர்ஸ்’ இருக்கிறதா, அதன் மதிப்பு பூஜ்யமா என்று பார்க்கவேண்டும். கவுண்டர்களைத் தரும் நிரல் கோப்பு (டிஎல்எல்) சொதப்பினால் விண்டோஸே அதை அணைத்துவிடும். பிறகு அட்மின் உரிமையோடு கமாண்ட் சாளரம், ‘அன்லோட்சிடிஆர்’ கொண்டு பழையதை நீக்கி, ‘பின்’ கோப்புறையில் இருக்கும் எஸ்க்யூஎல்சிடிஆர் ஐஎன்ஐ கோப்பை ‘லோட்சிடிஆர்’ கொண்டு ஏற்றுவது, ரிமோட் ரெஜிஸ்ட்ரி சர்வீஸை மறுபடி தொடங்குவது. அப்படியும் வராவிட்டால் சர்வரையே ஒருமுறை நிறுத்தித் தொடங்கவேண்டி வரும். அதை வேலை நேரத்தில் செய்யக்கூடாது என்று கொட்டை எழுத்தில் போடுங்கள்.

கிளமெண்டி

‘அளவி’ என்று வைத்தால் மூன்று சாதிக்கும் பொருந்துமே. பிறகு ஒன்று, மேலே யாரோ கணினி என்று எழுதியிருந்ததாக நினைவு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கணனி என்றுதான் படித்தோம்.

மட்டுறுத்துநர்

யாரும் எழுதவில்லை. கணினி, கணனி, கணணி விவாதம் இந்தக் குழுவில் ஏற்கெனவே முடிந்தது. முடிந்தது என்றால் நான் பூட்டினேன்.

பொங்கோல்

எல்லோரும் கோபப்படாதீர்கள். கவுண்டர் என்றே விட்டுவிட்டால் என்ன? வகுப்புக்கு வருபவர் வேலையிடத்தில் பார்க்கப்போகும் திரை ஆங்கிலத்தில்தான் இருக்கும். ‘அளவி’யைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

செங்காங்

‘காணாமல் போன கவுண்டர்கள்’ என்று தலைப்பு வையுங்கள், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு வருவார்கள்.

விளையாட்டு போகட்டும். இன்டர்நெட்டுக்கு ‘இணையம்’ என்ற சொல் நம் ஊர்த் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி தந்தது. அன்றைக்குத் திரையெல்லாம் தமிழிலா இருந்தது? 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் இதே ஊரில்தான் தொடங்கியது. நாமே கவுண்டர் என்று எழுதினால் வேறு யார் மாற்றி எழுதுவார்?

பொங்கோல்

இணையம் ஊர் முழுக்கப் பேசும் பொருள் அண்ணே. இது சர்வர் அறையில் சிலர் பார்ப்பது. என் கூட வேலை செய்பவர்களில் பாதிப்பேருக்கு ஆங்கிலப் பெயரே குழப்பம்.

ஈசூன்

நன்றி. மணி ஐந்தாகிவிட்டது, அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். ‘எண்ணி’க்கு நான்கு பேர், மானிக்கு ஐயா, அளவிக்கு ஒருவர், கவுண்டருக்கு ஒருவர். ‘செயல்திறன் எண்ணிகள்’ என்று பன்மையிலேயே எழுதிவிடுகிறேன், வினையெச்சக் குழப்பம் வராது. முதல் இடத்தில் மட்டும் ‘பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர் எனப்படும்’ என்று சேர்க்கிறேன். ஜூரோங் சொன்ன மூன்று சாதியும் அட்டவணையாக வருகிறது. 3409ம் சேர்த்தாயிற்று.

ஜூரோங்

பேஜ் லைஃப் எக்ஸ்பெக்டன்சியை எண்ணி என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் ஆங்கிலத்திலும் அதே பொய்தானே. போகட்டும்.

தோ பாயோ

போகவிட எனக்கு மனமில்லை. பெரும்பான்மை இலக்கணம் ஆகாது. ஒற்றை எண்ணியைச் சொல்லவேண்டி வரும்போது பன்மை எங்கே போகும்? ‘இந்த எண்ணி கூடுகிறது’ என்று கரும்பலகையில் எழுதித்தானே ஆகவேண்டும்? அடுத்த பதிப்புக்கு மானியை மறுபடி முன்மொழிவேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளவும். மாத்தல் பற்றிய மடல் தனியாக வருகிறது.