எதிர்த்தரப்பு வக்கீல் சட்டமன்ற உறுப்பினர் என்றால் கேஸை இப்படித் தள்ளிப்போடலாமா? (டெக்சாஸ்)

ஹூஸ்டன்வாசி:
கூரை போட்டுக் கொடுத்த கான்ட்ராக்டர் மேல் கேஸ் போட்டிருக்கிறேன். மழை பெய்தால் ஹாலில் இன்னும் இரண்டு வாளி வைக்கிறோம். 2025 பிப்ரவரி 18 விசாரணை என்று தேதி கொடுத்தார்கள், நானும் லீவு சொல்லி, ரசீது, போட்டோ எல்லாம் ஃபைலில் கோத்து வைத்திருந்தேன், திடீரென்று அவர் பக்கம் இரண்டாவதாக ஒரு வக்கீல் வந்தார். மாநிலப் பிரதிநிதியாம். சட்டமன்றம் நடக்கிறது என்று ஒரு மனு, உடனே ஜூலைக்கு வாய்தா. இது என்ன நியாயம்?

பழைய குமாஸ்தா:
நியாயமோ இல்லையோ, சட்டம் இருக்கிறது. அங்கே சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, 140 நாள் கூடும், சம்பளம் வருடத்துக்கு 7,200 டாலர்தான், அதனால் உறுப்பினர்கள் சொந்தத் தொழிலையும் விடுவதில்லை. அப்படி ஓர் உறுப்பினர் வக்கீலாக இருந்து மனுப் போட்டால், கூட்டம் முடிந்து 30 நாள் வரை கேஸை விசாரிக்கக் கூடாது. இந்த முறை ஜூன் 2 வரை கூட்டம், ஜூலைக்குப் போனது அதனால்தான். ஆனால் விசாரணைத் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள் அமர்த்திய வக்கீல் என்றால் வாய்தா கட்டாயமில்லை, நீதிபதி இஷ்டம். வாய்தாவுக்காக இந்தக் கேஸை எடுக்கவில்லை என்று பிரமாணப் பத்திரமும் கொடுத்திருக்க வேண்டும். அதைப் பார்த்தீர்களா?

மீனா:
1977இல் வெயிட்ஸ் எதிர் சோண்டாக் வழக்கில், குழந்தைப் பராமரிப்புத் தொகை கேட்டு வந்த ஒரு தாயின் கேஸை இப்படித்தான் தள்ளப் பார்த்தார்கள். தாமதத்தால் எதிராளியின் முக்கியமான உரிமை பறிபோகும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாய்தா தரக்கூடாது என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் வாளிக்கு அது பொருந்துமா என்பது சந்தேகம்தான் அண்ணா, பணமாக ஈடுகட்டலாம் என்பார்கள்.

சென்னை வக்கீல்:
நம் ஊரில் இப்படி இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 135ஏ, கூட்டத்தொடரிலும் அதற்கு முன்பின் 40 நாளிலும் எம்.எல்.ஏ., எம்.பி.யை சிவில் வழக்கில் கைது செய்யக்கூடாது என்கிறது, அவ்வளவுதான். வாய்தா வேண்டுமென்றால் மற்றவர்களைப் போலக் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

ஹூஸ்டன்வாசி:
குமாஸ்தா சார், இப்போதுதான் ஃபைலைப் புரட்டினேன். அந்த ஆள் சேர்ந்த தேதி ஜனவரி 22. எண்ணிப் பார்த்தால் 27 நாள்தான் வருகிறது! நாளைக் காலை முதல் வேலையாக என் வக்கீலைக் கூப்பிடுகிறேன், இதை அவர் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கணும்.