மறு: பாலிஷிங்: 'மெருகேற்றல்' என்று முடித்துவிடலாமா?

வணக்கம்.

எஞ்சின் கையேட்டுக்கான சொற்பட்டியலில் 'பாலிஷிங்'குக்குத் தமிழில் என்ன வைப்பது என்று ஓடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன், நேற்று வந்த மடலுக்குப் பிறகு முடியவில்லை.

> பாலிஷிங் = மெருகேற்றல். ஏற்கெனவே புழங்குகிற சொல். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒன்றைப் பறிகொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அப்பா வைத்திருந்த டீசல் அம்பாசிடர் இன்னும் வீட்டில் நிற்கிறது. 1489 சிசி, பழைய பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைப்பின் வழியில் வந்த எஞ்சின். மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதத்தோடு தயாரிப்பே நின்றுபோனதால் புதுப் பாகம் தேடி அலைவதைவிட இருப்பதைச் சுத்தம் செய்து ஓட்டுவதே வழி. போன வருடம் எஞ்சினைப் பிரித்து உட்கார்ந்தபோது, தெரிந்த மெக்கானிக்கிடம் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். டேப்பட் கவரா (எஞ்சினின் மேல்மூடி)? பாலிஷ் பண்ணிடுங்க. வால்வா? பாலிஷ் பண்ணிடுங்க. நாசில் ஊசியா? அதையும் பாலிஷ் பண்ணிடுங்க. அவர் மனதில் மூன்றும் மூன்று வேலை, என் காதில் மூன்றும் ஒரே சொல். நானும் நாசில் ஊசியை நைஸ் உப்புத்தாளில் தேய்த்து, பித்தளை சாமானுக்குப் போடும் பசையையும் தடவி, கண்ணாடி மாதிரி ஆக்கி மாட்டினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஒரு பக்கம் டொக் டொக் என்று அடி, பின்னால் கரும்புகை. பம்ப் நாசில் சர்வீஸ் கடைப் பெரியவர் ஊசியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பளபளன்னு இருக்குதே தம்பி, அதனாலதான் போச்சு" என்றார்.

ஊசிக்கும் அது ஓடுகிற துளைக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் பருமனே அறுபது எழுபது மைக்ரான் வரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் உப்புத்தாள் பட்டால் டீசல் பக்கவாட்டில் நழுவித் திரும்பு குழாயில் போகும், முனை சரியாக உட்காராமல் சொட்டும். அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கரியை மெல்லிய பித்தளைக் கம்பித் தூரிகையால் எடுத்திருந்தால் போதும். இரும்புக் கம்பிகூட ஆகாது.

அதனால் நான் பார்க்கிற முதல் கேள்வி, பளபளக்கிறதா என்பதல்ல. சேதாரம் உண்டா இல்லையா? நகைக்கடையில் நாம் எல்லோரும் சண்டை போடுகிற அதே சேதாரம்தான். வேலை முடிந்ததும் உலோகம் குறைந்திருக்கிறதா, அழுக்கு மட்டும் போயிருக்கிறதா என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

அழுக்கு மட்டும் போவதற்குத் 'துலக்கல்' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. 'விளக்கல்' இன்னும் பழக்கமான சொல், பாத்திரம் விளக்குகிறோம், பல் விளக்குகிறோம். ஆனால் "எஞ்சினை விளக்குக" என்று கையேட்டில் எழுதினால் படிக்கிறவர் பத்து மதிப்பெண் விடை எழுத ஆரம்பித்துவிடுவார். துலக்கலில் அந்தக் குழப்பம் இல்லை. டீசல் புகைக்கரியும் ஆயிலும் கலந்து தார் மாதிரி பிடித்திருப்பதை மண்ணெண்ணெய், பிரஷ், வேஸ்ட் துணி வைத்து எடுப்பது துலக்கல். இரும்புப் பாகத்தைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊறவைப்பதும் துலக்கல்தான். ஆனால் அதே தொட்டியில் அலுமினியத்தைப் போட்டால் குமிழ் குமிழாக ஹைட்ரஜன் விட்டு, கறுத்து, உலோகமே அரித்துப்போகும். அது துலக்கல் இல்லை, கொலை.

அடுத்தது, உருவம் மாறாமல் மேற்பரப்பை மட்டும் நுணுக்கமாகக் குறைத்து வழவழப்பாக்குவது. இங்கே எனக்குப் பிடித்தது 'தீட்டல்'. அரிசி தீட்டுகிறோம், தவிடு போகிறது, அரிசி அரிசியாகவே இருக்கிறது. டேப்பட் கவரின் பழைய பெயின்டை எடுத்துவிட்டு 240, 400, 800 என்று எண் ஏற ஏற நைஸாகும் உப்புத்தாளைப் படிப்படியாக மாற்றித் தேய்ப்பது இதேதான். 'தீட்டு' என்றால் வேறு அர்த்தமும் வருமே என்று ஒரு நண்பர் தனிமடலில் சிரித்திருந்தார். வரட்டும். கத்தி தீட்டுகிறவரிடம் யாரும் அந்த அர்த்தத்தில் பேசுவதில்லை.

மெருகு? அது கடைசிப் பளபளப்புக்கு. துணிச் சக்கரத்தில் பசை தடவி ஓட்டுகிறோமே, அதற்கு. அங்கேயும் கொஞ்சம் சேதாரம் உண்டு, நகைக்கு மெருகு போட்டால் எடை குறையும் என்பது தெரிந்ததுதான். ஆனால் நோக்கம் கண்ணுக்கு. எஞ்சினின் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அலுமினியம் என்றால் சில மாதத்தில் மறுபடி மங்கிவிடும். நான் டேப்பட் கவருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்தேன், வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது இந்த இழையின் உண்மையான சிக்கல், லேப்பிங். பசை தடவித் தேய்த்துத் துல்லியமாகப் பொருத்துகிற வேலை.

> லேப்பிங்கும் ஒருவகை பாலிஷிங்தானே, 'நுண்மெருகேற்றல்' என்று வைத்தால் போதாதா?

போதாது. வால்வு லேப்பிங்கை ஒரு தடவை கையால் செய்தவர் இதைச் சொல்ல மாட்டார். வால்வின் தலையில் ரப்பர் கிண்ணக் குச்சியை ஒட்டி, வால்வு உட்காரும் இடமான சீட்டில் படுகிற சாய்வில் பசை தடவி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே மத்து கடைவது போல இப்படியும் அப்படியும் உருட்ட வேண்டும். நாலைந்து உருட்டலுக்கு ஒருமுறை தூக்கி, கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடியும். முதலில் சொரசொரப்பான பசையில் கரகரவென்று கேட்கும் சத்தம் போகப் போக அடங்கும். அப்புறம் நைஸ் பசை. முடிந்ததும் துடைத்துப் பார்த்தால் வால்விலும் சீட்டிலும் ஒரே அகலத்தில் ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் பளபளக்காது! மங்கலான சாம்பல் நிறத்தில், இடையில் எங்கும் விட்டுப்போகாமல் இருக்கும். அங்கங்கே பளபளத்தால் அந்த இடத்தில் பசை படவில்லை, வேலை பாக்கி என்று அர்த்தம். மெருகு இல்லாதிருப்பதே வேலை முடிந்ததற்கு அடையாளமாக உள்ள ஒன்றை 'நுண்மெருகேற்றல்' என்று எப்படி அழைப்பது?

இதன் சாரம், இரண்டு பாகங்களும் ஒன்றையொன்று தேய்த்து ஒன்றுக்கொன்று பொருந்துவது. அதனால்தான் முதல் சிலிண்டர் வால்வை மூன்றாவதில் மாட்டக்கூடாது, அட்டையில் ஓட்டை போட்டு எண் எழுதிக் குத்திவைக்கிறோம். நாசில் ஊசியும் அதன் உடலும், டீசல் பம்பின் தள்ளுதண்டான பிளஞ்சரும் அதன் உறையும் சோடி மாறக்கூடாததும் இதே காரணத்தால். ஆகவே 'இணைதேய்ப்பு' என்கிறேன். சோடி, தேய்மானம் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. "வால்வை இணைதேய்த்து மாட்டு" என்று வினையாகவும் வருகிறது. சமதள வார்ப்பிரும்புத் தட்டில் பசை தடவி ஒரு பாகத்தை மட்டும் தேய்ப்பதையும் ஆங்கிலத்தில் லேப்பிங் என்றே சொல்கிறார்கள், அங்கே என் சொல் நொண்டும், தெரியும். அதைத் 'தட்டுத் தேய்ப்பு' என்று பிரித்துவிட்டுப் போகலாம். ஆங்கிலம் ஒரே சாக்கில் போட்டதை நாமும் அப்படியே கட்ட வேண்டுமா என்ன?

இன்னொன்று. தேய்க்கும் பொடிக்கு 'உராய்பொருள்' என்று ஒருவர் தந்திருக்கிறார். பொதுச்சொல்லாக இருக்கட்டும். ஆனால் எமரி என்கிற தேய்ப்புக் கல்பொடியில் தேய்க்கிற வேலையைச் செய்வது அலுமினியம் ஆக்சைடு. அந்தக் கனிமத்துக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கிற கல் அது. அந்தப் பொடியை அரக்கோடு சேர்த்துத்தான் சாணைச் சக்கரமே செய்தார்கள். நம் வீட்டுச் சொல் ஊர் சுற்றிவிட்டு வாசலில் நிற்கிறது, நாம் புதிதாக ஒன்றைத் தேடுகிறோம். கையேட்டில் குருந்தப் பசை, குருந்தத்தாள் என்றே எழுதலாம். பட்டறையில் அது உப்புத்தாளாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதை மாற்றப் போனால் சிரிப்பார்கள்.

எச்சரிக்கை வாசகத்துக்கும் இந்தச் சொல் உதவும். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோவின் அளவுகோலில் குருந்தம் 9, அதற்கு மேலே வைரம்தான். இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவு தடுக்கும் கேஸ்கட் உட்காரும் முகத்தைச் சுழலும் தேய்ப்பு வட்டால் சுத்தம் செய்யும்போது உதிரும் பொடி ஆயிலில் போனால் பேரிங்கைத் தின்றுவிடும். "குருந்தத் துகள் ஆயிலில் சேரக்கூடாது" என்று எழுதினால் பயம் வரும், "உராய்பொருள்" என்றால் வருமா என்பது சந்தேகம்.

கடைசியாக இலக்கணம் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி. இணைதேய்ப்பா, இணைத்தேய்ப்பா? இணைகோடு என்று எழுதும் பழக்கத்தில் ஒற்று இல்லாமல் எழுதிவிட்டேன், ஆனால் இங்கே 'இணை' சோடி என்ற பொருளில் பெயராக நிற்கிறதே என்று இப்போது உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது சொன்னால் பட்டியலில் திருத்திவிடுகிறேன்.